கண்ணாடி இருந்த இடம்

முகம் பார்ப்பதும் கண்ணாடி, ஜன்னலில் பதிப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. தமிழில் ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டிருப்பதால், ‘மிரர்லெஸ்’ கேமராவைக் கண்ணாடி இல்லாத கேமரா என்று சொன்னால் லென்ஸும் இல்லையா என்று யாராவது கேட்கக்கூடும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர்கள் இந்த வம்பே வேண்டாமென்று மிரர்லெஸ் என்றே சொல்லிவிடுகிறார்கள். எந்த மொழியில் சொன்னாலும் அந்தப் பெயருக்குள் ஒரு வரலாற்றுக் கூற்று ஒளிந்திருக்கிறது. கம்பியில்லாத் தந்தி என்று ஒரு காலத்தில் சொன்னோமே, அதைப் போல இதுவும் தன்னிடம் இல்லாத ஒன்றால் பெயர் பெற்ற கருவி. தந்தி என்றால் கம்பி இருந்தாக வேண்டும் என்று நினைத்தவர்கள் வைத்த பெயர் அது. கேமரா என்றால் உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தாக வேண்டும் என்று நினைத்தவர்கள் வைத்த பெயர் இது. இந்த நினைப்புக்கு வயது எவ்வளவு? ஓசூர், இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் 1792 முதல் காட்சியைப் பிடிக்க வந்த கருவிகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், கண்ணாடி இருமுறை வந்து இருமுறை போயிருக்கிறது. மிரர்லெஸ்ஸை முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்கு ஒரு அந்நியம் தட்டுப்படுகிறது. அது அந்தக் கருவியைப் பற்றிச் சொல்வதைவிட, கண்ணாடி சுமார் 60 ஆண்டுகள் பழக்கிவைத்த கண்ணைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது என்பது என் வாதம்.

பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்த மலைக்கோட்டைச் சீமை, மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியது. இராயக்கோட்டையை மேஜர் கௌடியின் படை 1791 ஜூலையிலேயே பிடித்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைமேல் ஏற முயன்ற மாக்ஸ்வெல்லின் படை அடிபட்டுத் திரும்பியது. பெயரளவில் அமைதி வந்த உடனேயே, 1792இல், சென்னையிலிருந்து கிளம்பி இந்தப் பக்கம் வந்தவர்கள் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஓவியர்கள். பின்னாளில் இலண்டனில் அவர்கள் வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’ என்ற 144 படத் தொகுப்பில் இராயக்கோட்டை உண்டு, வீரபத்திர துர்க்கம் உண்டு, ஜகதேவி உண்டு, ஓசூரும் உண்டு. இராயக்கோட்டைப் படத்துக்குப் பாராமகால் என்று அடைமொழி கொடுத்தவர்கள், ஓசூர்ப் படத்துக்கு மைசூர் என்று கொடுத்திருக்கிறார்கள். அது பிழையல்ல. 1799 வரை ஓசூர் திப்புவின் பக்கம்தான் இருந்தது. இன்று ஓசூருக்கு வடமேற்கே அத்திப்பள்ளியில் நிற்கும் எல்லை, அன்று ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் நடுவே எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

டேனியல்கள் இந்தியப் பயணங்களில் கேமரா ஆப்ஸ்குராவைப் பயன்படுத்தியவர்கள். அந்தக் கருவியில் ரசாயனம் எதுவும் கிடையாது. லென்ஸ் வழியே வரும் காட்சியைக் காகிதத்தின் மேல் விழச் செய்து, பென்சிலால் அதன் ஓரங்களைத் தொட்டு வரைவதற்கான இருட்டறை அது. லென்ஸ் காட்சியை நேரே பின்சுவரில்தான் எறியும், மனிதனுக்கோ குனிந்து மேஜைமேல் வரைந்துதான் பழக்கம். செங்குத்தாக விழும் காட்சியைக் கிடைமட்டமாகப் படுக்கவைக்க 45 பாகையில் ஒரு கண்ணாடி வேண்டும். தூக்கிச் செல்லும் பெட்டி வகையில் அந்தக் கண்ணாடி உள்ளே இருந்து காட்சியை மேல்மூடியில் உள்ள தேய்த்த கண்ணாடிக்கு அனுப்பும். கூடார வகையில் உச்சியில் உட்கார்ந்து கீழே காகிதத்துக்கு இறக்கும். இரண்டிலும் கண்ணாடி இல்லாமல் வேலை நடக்காது. ஆக, ஒளிப்படக்கலை பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, பயண ஓவியரின் கேமராவில் கண்ணாடி இருந்தது. வரைகிற கையின் வசதிக்காகவே அது அங்கே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். படம் நன்றாக வருவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்ணாடி காட்சிக்கு எதையும் கூட்டவில்லை, பார்ப்பவரின் கழுத்து வலியைத்தான் குறைத்தது.

அடுத்து வந்தவருக்கு அந்தக் கை தேவைப்படவில்லை. லின்னேயஸ் டிரைப் கும்பினியின் சென்னைப் படையில் கேப்டன். 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய்ப் படமெடுத்து வந்தவர். 1856இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் அதிகாரபூர்வ ஒளிப்படக்காரராக அமர்த்தியது. அவருடைய நிலையம் பெங்களூரில். 1857 டிசம்பரில் அங்கிருந்து மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு அவர் தெற்கே இறங்கினார். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று நீண்ட அந்தப் பயணத்தின் முதல் படிக்கட்டாக இருந்தது இந்த எல்லைப் பகுதிதான். 1858இல் அரசு வெளியிட்ட அவருடைய படத்தொகுதிகளில் ஒன்றின் தலைப்பிலேயே இராயக்கோட்டை இருக்கிறது. சேலம் மாவட்டத்தின் ‘பிற இடங்கள்’ பின்னால் வருகின்றன. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்போது சேலத்தைச் சேர்ந்தவை. 1965இல் தர்மபுரி பிரிந்து, 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது பிற்பாடு. தஞ்சைப் பெருவுடையார் கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினாரே, அதுவும் இதே பயணத்தில்தான். இன்றைய கேமராவில் பனோரமா என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அவ்வளவுதான்.

டிரைப்பின் கேமராவில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. முன்னால் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி, நடுவே இருட்டு. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால், இராயக்கோட்டை மலை தலைகீழாகத் தொங்கும்: துர்க்கத்தின் மதில் கீழே, அடிவாரத்துப் பாறைகள் மேலே, வானம் காலடியில். இடமும் வலமும்கூட மாறியிருக்கும். அந்தத் தலைகீழ் மலையைப் பார்த்தபடியே லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, கூர்மை வந்ததும் லென்ஸை மூடிவிட்டு, தேய்த்த கண்ணாடியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மெழுகு தடவிய காகித நெகட்டிவ் அடைத்த சட்டத்தைச் செருக வேண்டும். ஒரு அடிக்கும் கூடுதல் நீளமுள்ள காகிதம் அது. உடனுக்குடன் பூசி உடனுக்குடன் கழுவ வேண்டிய ஈரக் கண்ணாடித் தகட்டைப்போல் அல்லாமல், மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார்செய்து வண்டியில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் அனுகூலம். சட்டம் உள்ளே போனதும் படமெடுப்பவர் குருடர். மூடியைக் கழற்றி, நிமிடக்கணக்கில் காத்திருந்து, மறுபடி மூடும்வரை மலையைத் தன் வெறுங்கண்ணால் பார்க்கலாமே தவிர, கேமரா என்ன பார்க்கிறது என்பதைப் பார்க்க வழியில்லை. அவருடைய படங்களில் மலைகளும் கோபுரங்களும் மண்டபங்களும் நிறைந்திருக்க, நடமாடும் மனிதர்கள் அபூர்வமாகவே தென்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அசையாததை மட்டுமே நம்பிக் கண்ணை மூட முடியும்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் டிரைப்பின் கறுப்புத் துணி, அவருக்குப் பின்னால் வந்த பல தலைமுறைக் கருவிகளைவிட நேர்மையானது. தேய்த்த கண்ணாடியில் அவர் பார்த்தது காட்சியை அல்ல, படத்தை. நான்கு ஓரம் கொண்ட, தட்டையான, நெகட்டிவ் உட்காரப்போகும் அதே தளத்தில் விழுந்த படத்தை. லென்ஸ் எங்கே மங்குகிறது, எந்தப் பாறை ஓரத்தில் வெட்டுப்படுகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்தது. தலைகீழாக இருந்தது குறை என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் பெரிய வடிவக் கேமராவில் பழகியவர்கள் அதைக் குறையாகச் சொல்வது அரிது. தலைகீழ் மலை மலையாகத் தெரியாது, இருட்டும் வெளிச்சமுமான வடிவமாகத் தெரியும். சட்டத்துக்குள் எதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது.

கண்ணாடி திரும்பி வந்ததற்குக் காரணம் அந்தக் குருட்டு நிமிடங்கள்தான். டிரைப் இராயக்கோட்டையைக் கடந்து மூன்றாண்டுகள் ஆன பிறகு, 1861இல், தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேயர் ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் (எஸ்.எல்.ஆர்.) கேமராவுக்குக் காப்புரிமை பெற்றார். லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவே சாய்ந்த கண்ணாடி. அது இருக்கும்வரை காட்சி மேலே போகும், விலகினால் தகட்டில் விழும். டேனியல் காலத்துப் பெட்டியின் கண்ணாடியே, கீல் மாட்டிக்கொண்டு வந்தது என்று சொல்லலாம். ஆனால் யோசனை வேலைக்கு வர நாளாயிற்று. 1929இல் வந்த ரோலைஃப்ளெக்ஸ் கண்ணாடியை அசைக்காமலே ஒரு குறுக்குவழி கண்டது: பார்க்க ஒரு லென்ஸ், எடுக்க ஒரு லென்ஸ், பார்க்கும் லென்ஸுக்குப் பின்னால் நிலையான கண்ணாடி. அதன் ஜப்பானியச் சகோதரியான யாஷிகாவைக் கழுத்தில் மாட்டிய கல்யாணப் போட்டோக்காரரை அறியாத தமிழ்நாட்டுச் சிற்றூர் இருந்திருக்காது. அதிலும் ஒரு அந்நியம் உண்டு. குனிந்து பார்த்தால் மணமகன் இடத்தில் மணமகள், மணமகள் இடத்தில் மணமகன். சட்டத்தை இடப்பக்கம் திருப்பினால் காட்சி எதிர்ப்பக்கம் ஓடும். புதிதாய்ப் பழகுகிறவர் முதல் வாரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டுவார். 1936இல் 35 மில்லிமீட்டர் எக்ஸாக்டா, 1949இல் ஐங்கோணப் பட்டகம் வைத்த கான்டாக்ஸ் எஸ், 1954இல் படம் எடுத்த கணமே கண்ணாடி தானாகக் கீழே இறங்கும் அசாஹிஃப்ளெக்ஸ், 1959இல் இவை அத்தனையையும் திரட்டிய நிக்கான் எஃப் என்று வந்த பிறகுதான், நிமிர்ந்த, இடம்வலம் மாறாத, லென்ஸ் வழியான காட்சி சாதாரணப் போட்டோக்காரரின் கண்ணுக்குக் கிடைத்தது.

எஸ்.எல்.ஆர். கேமராவின் சாதனை படத்தின் தரத்தில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. லைக்கா 1925 முதலே கண்ணாடி இல்லாமல் அருமையான படங்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. எஸ்.எல்.ஆர். சாதித்தது வேறொன்று. பார்வைத்துளையில் தெரிவதைப் படம் என்று நினைக்கவிடாமல், ஜன்னல் என்று நினைக்கவைத்தது. கண்ணாடியில் பட்டு, பட்டகத்தில் திரும்பி, அதே ஒளி கண்ணுக்கு வருகிறது. வெயில் வெயிலாகத் தெரிகிறது, இருட்டு இருட்டாக. படமாக மாறினால் அந்த வெயில் வெளுத்துப்போகுமா என்பதை அந்த ஜன்னல் சொல்லாது; அதை மீட்டரைப் பார்த்துக் கணித்தோ, ஃபிலிமைக் கழுவியோ, டிஜிட்டல் வந்தபின் பின்பக்கத் திரையைக் குனிந்து பார்த்தோதான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் அந்தச் சத்தம். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே அடிக்கும், திரை திறந்து மூடும், கண்ணாடி இறங்கும். ஏறத்தாழ ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்குக்குக் கண்முன் இருட்டு. தாலி முடிச்சு விழும் அந்தக் கணத்தை எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஒருபோதும் தன் கேமரா வழியாகப் பார்ப்பதில்லை. படம் பதிவாகும் கணம்தான் அவர் பார்க்காத கணம். டிரைப்பின் குருட்டு நிமிடங்கள் சுருங்கி ஒரு கண் சிமிட்டலாயின, மறைந்துவிடவில்லை.

2008இல் பானசோனிக் ஜி1 வந்து, 2013இல் சோனி முழுஅளவு சென்சாரோடு ஏ7ஐ இறக்கி, 2018இல் நிக்கானும் கேனனும் வேறு வழியில்லாமல் பின்தொடர்ந்ததும், கண்ணாடி இரண்டாம் முறையாக வெளியேறியது. இங்கே ஒரு நல்ல ஒப்பீடு கிடைக்கிறது. நிக்கானின் டி850 கண்ணாடி உள்ளது. 2018இல் வந்த இசட்7 கண்ணாடி இல்லாதது. இரண்டுக்கும் 45.7 மெகாபிக்ஸல், படத்தை அச்சிட்டு வைத்தால் எது எதிலிருந்து வந்தது என்று ஆல்பம் புரட்டும் மாமியார் வீட்டார் மட்டுமல்ல, எடுத்தவரே சொல்லத் தடுமாறுவார். எடை 1005 கிராமிலிருந்து 675 கிராமுக்கு இறங்கியது. ஆகவே, கையில் எடுத்த முதல் நாளில் தோன்றும் மாற்றம் படத்தில் இல்லை, பார்ப்பதில் இருக்கிறது. கனம் குறைவு என்பது முதல் உணர்வு. அழுத்தினோமா இல்லையா என்று சந்தேகப்படவைக்கும் மௌனம் இரண்டாவது. மூன்றாவதுதான் பெரிது: துளைக்குள் தெரிவது ஒளியல்ல, குட்டி டி.வி. சுவிட்சை அணைத்தால் கேமரா கண்ணிழந்து போகிறது. ஒளி அளவை மாற்றினால் காட்சியே வெளுக்கிறது, கறுக்கிறது. ஸ்டுடியோவில் ஃபிளாஷை நம்பி எஃப்8, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்துவிட்டுக் கண்ணை வைத்தால் துளைக்குள் கும்மிருட்டு. கேமரா கெட்டுவிட்டது என்று பதறி, மெனுவில் நுழைந்து அந்த முன்னோட்டத்தை அணைக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் மாப்பிள்ளை அழைப்பு முடிந்திருக்கும்.

இந்த அந்நியத்தைத்தான் பலர் ‘உயிரில்லை’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அவர்களுடைய ஆட்சேபம் வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எஸ்.எல்.ஆரில் கண்ணுக்கு வந்தது உண்மையான ஒளி, மிரர்லெஸ்ஸில் வருவது இயந்திரம் சமைத்துத் தரும் பிம்பம், ஆகவே படமெடுப்பவருக்கும் எதிரில் இருப்பதற்கும் நடுவே ஒரு தரகர் நுழைந்துவிட்டார் என்பது அந்த வாதம். உண்மைதான். ஆனால் தரகர் இல்லாத காலம் எது? டிரைப்பின் தேய்த்த கண்ணாடியில் விழுந்ததும் பிம்பம்தான், அதுவும் தலைகீழாக. அவருடைய நெகட்டிவ் நீலத்துக்கு அளவுக்கு மீறி இணங்கியதால் வானம் வெறும் வெள்ளையாய் வந்தது. அதைப் பொறுக்காமல் நெகட்டிவின் மேல் சாயம் தீட்டி மேகங்களை வரவழைத்த படங்கள் அவருடையவற்றில் உண்டு. டேனியல்களோ பென்சிலால் பிடித்த மலையை இலண்டனில் செப்புத் தகட்டில் ஏற்றி, கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள். இந்த மலைகளை யாரும் ‘உள்ளபடி’ பார்த்துப் பதிந்ததில்லை. பதிவாகப்போவதைப் பதிவாகும் தளத்திலேயே பார்ப்பது என்ற டிரைப்பின் ஏற்பாட்டைத்தான் மிரர்லெஸ் மீட்டிருக்கிறது, கறுப்புத் துணியும் தலைகீழும் இல்லாமல். கூடவே டிரைப்புக்குக் கிடைக்காத ஒன்றும் சேர்ந்திருக்கிறது: எடுக்கும்போதும் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது, அல்லது குருட்டுநேரம் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறுத்துவிட்டது. நடுவில் 60 ஆண்டுகள் ஜன்னலில் நின்றவர்களுக்குத்தான் மறுபடி படத்தின் முன் நிற்பது கூச்சமாக இருக்கிறது.

ஓசூர் இதற்கு முன்பும் இப்படியொரு கூச்சத்தைப் பார்த்த ஊர். 1971இல் பிறந்த சிப்காட் இங்கே தொழிற்பேட்டையை அமைத்த பிறகு வந்த ஆலைகளில் ஒன்று டைட்டன். டிட்கோவும் டாடாவும் கூட்டுச் சேர்ந்து 1984இல் தொடங்கிய நிறுவனம். 1987இல் அதன் கைக்கடிகாரங்கள் கடைக்கு வந்தன. நாற்பது கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில், ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961 முதல் சாவி கொடுக்கும் கடிகாரங்களைச் செய்துவந்தது எச்.எம்.டி. ஓசூரிலிருந்து வந்ததோ குவார்ட்ஸ்: உள்ளே துடிக்கும் சமன்சக்கரம் இல்லை, தினமும் சாவி கொடுக்கும் சடங்கு இல்லை, பேட்டரி தீர்ந்தால் உயிர் போயிற்று. ‘உயிரில்லை’ என்ற அதே சொல் அன்றும் சொல்லப்பட்டது. நேரம் என்னவோ குவார்ட்ஸில்தான் துல்லியமாக இருந்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதன் பழைய கடிகாரங்களை இன்று தேடி வாங்குகிறவர்கள் நேரம் பார்ப்பதற்காக வாங்குவதில்லை. கேமராவின் கண்ணாடியும் ஒருவகைக் கடிகார வேலைதான். வில்லும் கீலும் நெம்புகோலுமாக நொடியின் பின்னங்களில் எகிறி இறங்கும் நுட்பம். ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். கடிகாரம் நேரத்தைக் காட்டுவதோடு நிற்கிறது, கேமராவோ எதைப் பார்ப்பது என்பதையே மாற்றுகிறது. ஆனாலும் இயங்கும் உறுப்பு ஒன்று போய் மின்னணு வரும்போது மக்கள் எதை இழந்ததாக உணர்கிறார்கள் என்பதற்கு இந்த எல்லைச் சாலையின் இரு முனைகளையும்விட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. இன்னொன்றையும் போகிறபோக்கில் சொல்லலாம். ஓசூருக்கு அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உறைப் பாகங்கள் தயாராகின்றன. ஐபோனோ, எந்தச் செல்போனோ, அதன் கேமராவில் எகிறி இறங்கும் கண்ணாடி ஒருபோதும் இருந்ததில்லை. மிரர்லெஸ் தனக்கு ஒத்துவராது என்று சொல்பவர் தினமும் சட்டைப்பையில் ஒன்றைச் சுமந்துதான் திரிகிறார்.

டிரைப்பையும் இன்றைய மண்டபத்துப் போட்டோக்காரரையும் ஒரே நூலில் கோப்பது வலிந்து செய்வது என்று ஒரு மறுப்பு வரலாம். பாராமகாலை வென்ற அரசு தன் சொத்தை அளந்து பார்க்க அனுப்பிய கேப்டன் அவர். கோட்டைகளின் படமும் ஒருவகை ஜமாபந்திதான். ரிசப்ஷன் மேடையில் நிற்பவரோ அடுத்த ஆர்டருக்காக உழைப்பவர். இருவருக்கும் குருசீட உறவு கிடையாது. டிரைப்பின் நெகட்டிவ்கள் இங்கே யாருக்கும் தொழில் கற்றுத்தரவில்லை. ஒப்புக்கொள்கிறேன். பரம்பரை இருந்தது என்று நான் சொல்லவில்லை. கருவிக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது, அது யார் கையில் இருந்தாலும் ஒரே இடத்தில் முட்டுகிறது என்பதே சொல்ல வந்தது: ஒரே லென்ஸ் வழியாகப் பார்க்கவும் வேண்டும், பதியவும் வேண்டும், இரண்டும் ஒரே தளத்தில் ஒரே நேரத்தில் நடக்க இடமில்லை. அந்த இடநெருக்கடியை டிரைப் காத்திருந்து சமாளித்தார், நிக்கான் கண்ணாடியை எகிறவைத்தது. பதியும் பொருளே பார்க்கவும் தொடங்கியபோது, அதாவது சென்சார் வந்தபோது, நெருக்கடி தீர்ந்தது. கண்ணாடிக்கு வேலை போனது அதனால்தான்.

வேலை போனபோது அதன் சலுகைகள் சில கூடவே போயின என்பதையும் மறைக்க வேண்டாம். மேலே சொன்ன டி850, ஒரு பேட்டரிக்கு 1840 படம் என்ற கணக்கில் விற்கப்பட்டது; அதே குடும்பத்துப் பேட்டரியைப் போட்டுக்கொண்ட இசட்7க்கு அந்தக் கணக்கு 330. நடைமுறையில் இரண்டுமே கூடுதலாக உழைக்கும், ஆனால் விகிதம் பொய்யல்ல. காலை 4 மணி முகூர்த்தத்துக்கு முன்னிரவிலிருந்தே நிற்பவர் பையில் பேட்டரிகளை எண்ணிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஓசைப்படாத எலக்ட்ரானிக் ஷட்டரை நம்பினால், மேடையின் பின்னால் ஜொலிக்கும் எல்.இ.டி. சுவர் படத்தில் வரிவரியாகக் கோடு போட்டுவிடும். கிருஷ்ணகிரி கிரானைட் நாடு. வெட்டுக்குழியும் பாலீஷ் பட்டறையும் எழுப்பும் தூளுக்கு இங்கே பஞ்சமில்லை. எஸ்.எல்.ஆரில் லென்ஸைக் கழற்றினால் தூசி முதலில் கண்ணாடியில் விழும், அதற்குப் பின்னால் மூடிய ஷட்டர் இருக்கும். பல மிரர்லெஸ்களில் லென்ஸைக் கழற்றிய கணமே சென்சார் வெட்டவெளியில் நிற்கிறது. இவை உண்மையான குறைகள், பழக்கத்தால் வந்த மயக்கமல்ல. முதல் நாளில் இவை யார் கண்ணிலும் படுவதில்லை என்பதுதான் வேடிக்கை. முதல் நாள் புலம்பல் எல்லாம் துளைக்குள் தெரியும் டி.வி.யைப் பற்றி, பேட்டரியும் தூசியும் கோடும் மூன்றாம் மாதத்தில்தான் தொந்தரவு செய்யத் தொடங்குகின்றன.

இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது, பணம். டிரைப்பின் வேலை நின்றதற்கு அவருடைய படங்கள் காரணமல்ல. 1859இல் சென்னைக்குக் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன், கஜானா இருக்கிற இருப்புக்கு ஒளிப்படம் அரசுக்குத் தாங்காத ஆடம்பரம் என்று கருதி அந்த நிலையத்தையே மூடச் செய்தார். 1857 கலகத்தை அடக்கிய செலவில் கும்பினியின் வாரிசான அரசு திணறிக்கொண்டிருந்த நேரம் அது. இன்று ஓசூரில் அந்தக் கணக்கைப் போடுவது கவர்னரல்ல, மாதத் தவணை கட்டும் ஸ்டுடியோக்காரர். பாடியை மாற்றுவதோடு அவருக்குச் செலவு முடிவதில்லை. பத்து வருடமாகச் சேர்த்த லென்ஸ்கள் இருக்கின்றன. கண்ணாடி எகிறி இறங்க இடம் வேண்டுமே என்பதற்காக, நிக்கானின் பழைய ஏற்பாட்டில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து ஃபிலிம் தளம்வரை 46.5 மில்லிமீட்டர் விட்டிருந்தார்கள். கண்ணாடி போனதும் அது 16 மில்லிமீட்டர் ஆயிற்று. கேனனில் 44 ஆக இருந்தது 20 ஆயிற்று. பழைய லென்ஸைப் புதிய பாடியில் அப்படியே மாட்டினால், படம் விழ வேண்டிய இடத்துக்கு மிக முன்னாலேயே சென்சார் நிற்கும். எதுவும் கூர்மைக்கு வராது. அதனால் அடாப்டர் என்று ஒரு வளையம் விற்கிறார்கள். பழைய லென்ஸை விற்க மனமில்லாதவர்கள், அல்லது விற்றால் கட்டுப்படியாகாதவர்கள், பாடியோடு அதையும் சேர்த்தே வாங்குகிறார்கள். நிக்கானுக்கானது ஒளிப்பாதையில் 30.5 மில்லிமீட்டரைக் கூட்டுகிறது. ஓரத்தில் மின்தொடர்புகள் உண்டு, துவாரத்தை இயக்கும் நெம்புகோல் உண்டு. நடுவில் லென்ஸோ கண்ணாடியோ எதுவும் கிடையாது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். கண்ணாடி இருந்த இடம் மட்டும்தான் அதற்குள் இருக்கிறது, அதற்குத்தான் விலை.